கண்ணாடி அறைக் கல்யாணம்

எங்கள் துறைக்கு எடை அளவுத் துறை என்று பெயர். கடைக்காரர் வைத்திருக்கும் ஒரு கிலோ கல் உண்மையிலேயே ஒரு கிலோதானா என்று பார்த்து முத்திரை குத்துவது என் வேலை. எப்படிப் பார்ப்போம் என்றால், எங்கள் அலுவலகத்தில் கண்ணாடி மூடிக்குள் ஒரு தாய்க்கல் இருக்கிறது. அதை வெறுங்கையால் தொடக்கூடாது. வெயில் படக்கூடாது. தூசு விழுந்தால் மெல்லிய தூரிகையால்தான் துடைக்க வேண்டும். ஊரில் உள்ள கல்லெல்லாம் அந்தத் தாய்க்கல்லோடு ஒத்துப்போக வேண்டும். தாய்க்கல் யாரோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை. அது தப்பாக இருக்கவே முடியாது. அது எவ்வளவு இருக்கிறதோ அதுதான் ஒரு கிலோ. இந்த ஒரு விதியை மட்டும் தெரிந்துகொண்டு நான் பல வருஷமாக நிம்மதியாகச் சம்பளம் வாங்கிவந்தேன். பிறகு என்னையே தாய்க்கல் ஆக்கிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று ஒரு வழக்கு. செய்யவிடுங்கள், இல்லையென்றால் ஏன் கூடாது என்று காரணம் சொல்லுங்கள் என்றது நீதிமன்றம். கூடாது என்பது அரசுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஏன் என்பதுதான் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க 'இல்லறக் காப்பு உயர்மட்டக் குழு' என்று ஒன்றை அமைத்தார்கள்.

குழுவுக்குத் தலைவர் மீன்வளத் துறை அமைச்சர். கல்யாணத்துக்கென்று தனித் துறை இல்லாததால், அப்போது வேலை குறைவாக இருந்தவரிடம் கொடுத்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் ஓர் உறுப்பினர். பெரிய மதத்தின் குருவும் சின்ன மதத்தின் குருவும் மற்ற இருவர். இந்தக் குருமார்கள் முப்பது வருஷமாக ஒரே மேடையில் ஏறியதில்லை. சொர்க்கத்தின் வாசல் கிழக்கே பார்த்ததா மேற்கே பார்த்ததா என்பதில் அவர்களுக்குள் தகராறு. ஆனால் என் மச்சினன் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்ற விஷயத்தில் ஒரே நாளில் கை கோத்துவிட்டார்கள். வாசல் எந்தப் பக்கம் இருந்தாலும் அவன் அதில் நுழையக்கூடாது, அவ்வளவுதான்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. பஸ் ஓட்டுகிறான். அதே டிப்போவில் வேலை பார்க்கும் மெக்கானிக்கோடு எங்கள் மாடி வீட்டில் ஒன்பது வருஷமாகக் குடித்தனம். போன வருஷம் மெக்கானிக்குக் குடலில் ஆபரேஷன் ஆனபோது மச்சினனை வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்களாம். இவன் என்ன சொல்வான்? உள்ளே விட மெக்கானிக்கின் பெரியப்பா மகன் ஒருவரை எங்கிருந்தோ தேடிப் பிடித்தார்கள். அவர் வந்து, நோயாளிக்கு என்ன வேலை, எந்த ஊர் என்று மச்சினனிடம் கேட்டுக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டார். இப்போது மெக்கானிக்குக் கழுத்தெலும்பில் இன்னொரு ஆபரேஷன் வர இருந்தது. அதற்குள் சட்டம் வந்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஒரே கவலை.

குழு முதல் வாரமே மாட்டிக்கொண்டது. எது கல்யாணம் இல்லை என்று சொல்வதற்கு முன்னால் எது கல்யாணம் என்று சொல்லியாக வேண்டும். நால்வரும் நாலு விதமாகச் சொன்னார்கள். கடைசியில், அளவு என்று வந்தால் அதற்கென்றே ஒரு துறை இருக்கிறதே என்று எதிர்க்கட்சித் தலைவருக்குத் தோன்றியது. 'தரமான திருமணம் ஒன்றின் மாதிரியை அனுப்பிவைக்கவும்' என்று எங்கள் துறைக்கு எழுதிவிட்டார்கள்.

எங்கள் இயக்குநருக்கு ஒரு பழக்கம். கேட்டு வந்த எதையும் இல்லை என்று திருப்பி அனுப்ப மாட்டார். ஒருமுறை வானிலைத் துறை சராசரி மழை எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு வாளித் தண்ணீரை மூடி போட்டு அனுப்பிவைத்தவர். நேராக என் மேஜைக்கு வந்தார்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சில்ல?"

"இருபத்தாறு வருஷம் ஆச்சு சார்."

"விவாகரத்து?"

"இன்னும் இல்ல சார்."

"போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் சொன்னபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். எந்த விஷயத்தையும் இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் எடுப்பாள்.

"என் தம்பி கல்யாணத்தை நிறுத்துறதுக்கு என் கல்யாணத்தைக் கொண்டுபோய் வைக்கப் போறீங்களா?"

"நான் எங்கே வச்சேன்? இயக்குநர் வச்சுட்டாரு."

"மாட்டேன்னு சொல்றதுக்கு என்ன?"

"பென்ஷனுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கே."

மச்சினன் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான். "போயிட்டு வா அக்கா. உள்ளே நம்ம ஆளு ஒண்ணு இருந்தா நல்லதுதான்."

"உன் மாமா நம்ம ஆளா?" என்றாள்.

"நான் உன்னைச் சொன்னேன்" என்றான் அவன்.

மெக்கானிக் மட்டும், அங்கே சாப்பாடு அவர்களே போடுவார்களா என்று விசாரித்தார்.

போட்டார்கள். ஆனால் அளந்து போட்டார்கள். தாய்க்கல்லின் எடை மாறக்கூடாதல்லவா? துறையின் கீழ்த்தளத்தில் சுவரெல்லாம் கண்ணாடியாக ஓர் அறை கட்டி, கட்டில், மேஜை, இரண்டு நாற்காலி போட்டு எங்களைக் குடிவைத்தார்கள். அறைச் சூடு ஏறக்கூடாது என்று குளிர்சாதனம் இரவும் பகலும் ஓடியது. நாங்கள் போர்வையோடு திரிந்தோம். காலையில் உதவியாளர் ஒருவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வந்து மெல்லிய தூரிகையால் எங்கள் தோள்களைத் துடைத்துவிட்டுப் போவார். முதல் நாள் என் மனைவி அவரிடம், "மேஜைக்கு அடியிலயும் கொஞ்சம் தொடச்சிடுங்க" என்றாள். மேஜை மாதிரியில் சேராது என்று அவர் மறுத்துவிட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு நாற்காலிகளில் குழு உட்கார்ந்து எங்களைப் பார்க்கும். நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. நான் பேப்பர் படிப்பேன். அவள் ஸ்வெட்டர் பின்னுவாள். இதைப் பார்த்துப் பெரிய குரு, "தெய்வீகம்" என்பார். பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார்.

முதல் விசாரணையில் அமைச்சர் தொடங்கினார். "கல்யாணங்கறது குழந்தைகளுக்காக. அதை யாரும் மறுக்க முடியாது. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"இல்லைங்க" என்றேன்.

என் மனைவி ஊசியை நிறுத்தவில்லை. அந்தக் கேள்வியை அவள் எத்தனையோ வீடுகளில் எதிர்கொண்டவள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கேட்டால் மட்டும் வலி குறைந்துவிடுமா என்ன? எனக்குத்தான் கோபம் வந்தது.

"அப்போ மாதிரியில குறை இருக்குன்னு எழுதிக்கலாமா?" என்று எதிர்க்கட்சித் தலைவர் பேனாவைத் திறந்தார்.

இயக்குநர் துள்ளி எழுந்தார். அவர் தைரியமாகப் பேசி நான் பார்த்தது அன்றுதான். "மன்னிக்கணும். மாதிரியில குறைங்கிற பேச்சே கிடையாது. மாதிரி எப்படி இருக்கோ அதுதான் அளவு. அதுல இல்லாதது கல்யாணத்துக்குத் தேவையில்ல. இது எங்க துறையோட விதி." குழு கலந்து பேசியது. விதி என்ற சொல்லைக் கேட்டதும் நால்வருக்கும் பயம். குழந்தை என்ற காரணத்தை அடித்துவிட்டார்கள்.

அடுத்து பெரிய குரு. குரல் தேன் போல இருக்கும். "எங்கள் வேதத்தில் தெளிவாக இருக்கிறது. கணவன் தலை, மனைவி கை. தலை சொல்லும், கை செய்யும். இதுதான் திருமணத்தின் அடிப்படை. ஐயா, உங்கள் மனைவியிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேளுங்கள்."

கேட்டேன்.

"எழுந்து போய்க் குடிங்க. அப்படியே எனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்றாள்.

எடுத்துவந்தேன். வேறென்ன செய்வது? குழுவில் பரபரப்பு. இதில் தலை யார், கை யார் என்று விவாதம் சாப்பாட்டு வேளையைத் தாண்டிப் போயிற்று. யார் தண்ணீர் எடுத்துவருகிறாரோ அவரே மனைவி என்று சின்ன குரு ஒரு சமரசம் சொன்னார். அப்படியானால் மாதிரியில் மனைவி நான்தான் என்றாகிவிடும் என்று அமைச்சர் பயந்தார். அந்தக் காரணத்தையும் அடித்துவிட்டார்கள்.

சின்ன குருவுக்கு இயற்கையில்தான் நம்பிக்கை. "பறவையைப் பாருங்க, மிருகத்தைப் பாருங்க, மீனைப் பாருங்க. ஆண் ஆணாவும் பெண் பெண்ணாவும்தானே இருக்கு" என்று தொடங்கினார்.

அமைச்சர் அவர் கையை மெல்லத் தொட்டார். "மீன் பக்கம் போக வேண்டாம் குருவே. எங்க துறையில எல்லாம் தெரியும். சில மீன் ஆம்பளையா ஆரம்பிச்சுப் பொம்பளையா முடியும். ரொம்பத் தோண்டினா நமக்குத்தான் கஷ்டம்." இயற்கையும் போயிற்று.

அன்பு ஒரு காரணமாகலாமா என்று யாரோ கேட்டார்கள். எதிர்க்கட்சித் தலைவர் என் மனைவியைப் பார்த்து, "அம்மா, இவர் மேல உங்களுக்கு அன்பு இருக்கா?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "இன்னைக்கா?" என்று கேட்டாள்.

அன்பை அடிக்கவில்லை. 'அவ்வப்போது' என்று பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள்.

அன்று எதிர்க்கட்சித் தலைவர் ஆற்றிய உரையை மறக்கவே முடியாது. "நான் மூன்று முறை திருமணம் செய்தவன். திருமணத்தின் புனிதம் என்னைப்போல் இங்கே யாருக்குத் தெரியும்? புனிதம் குறைந்தது என்று எப்போதெல்லாம் உணர்ந்தேனோ, அப்போதெல்லாம் புதிதாக ஆரம்பித்திருக்கிறேன்" என்றார். பெரிய குரு எழுந்து, தாம் பெண்ணோடு ஒரு நாளும் வாழ்ந்ததில்லை, ஆகையால் இந்த விஷயத்தில் நடுநிலையோடு பேசத் தகுதியானவர் தாம் ஒருவரே என்றார். அமைச்சர் உருக்கமாகப் பேசினார். "இன்னைக்கு ரெண்டு ஆம்பளைங்களுக்கு அனுமதி கொடுத்தோம்னு வைங்க, நாளைக்கு எல்லா ஆம்பளைங்களும் அந்தப் பக்கம் போயிடுவாங்க. அப்புறம் பொண்ணுங்களை யார் கட்டுவா?"

"எல்லாருமேவா?" என்றாள் என் மனைவி. "உங்களுக்கு அப்படி ஏதாவது யோசனை இருந்துச்சா?"

அமைச்சர் கைக்குட்டையை எடுத்தார். அன்றைய விசாரணை அதோடு முடிந்தது.

இப்படி ஒவ்வொன்றாக அடித்து, எங்களைப் பார்த்துப் பார்த்து மிச்சம் இருந்ததை மட்டும் எழுதினார்கள். முடிவில் வந்த வரையறை இது: 'திருமணமாவது, ஒருவர் குறையை ஒருவர் முழுவதும் அறிந்த பின்னும் ஒரே வீட்டில் தங்கி, சாப்பிட்டாச்சா என்று கேட்கும் இருவரின் ஏற்பாடு.' உதவியாளர் வாசித்து முடித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் மச்சினனையும் மெக்கானிக்கையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியது போல இருந்தது.

பெரிய குருவுக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது. "இதில் ஆண் பெண் எங்கே?" என்றார். 'இருவரின்' என்பதற்கு முன்னால் 'ஓர் ஆண் ஒரு பெண் ஆகிய' என்று பேனாவால் சொருகினார்கள். ஏன் என்று எதிர்க்கட்சித் தலைவர் கேட்டார். இவ்வளவு நாள் அதைக் கண்டுபிடிக்கத்தானே உட்கார்ந்திருந்தோம், முடியவில்லை, இனி கேட்க வேண்டாம் என்று அமைச்சர் சொல்லிவிட்டார். இரண்டாவது பிரிவையும் எங்கள் இயக்குநர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள்: நாட்டில் உள்ள எல்லாத் திருமணங்களும் இந்த மாதிரித் திருமணத்தோடு ஒத்துப்போகும் அளவில் மட்டுமே செல்லும்.

அறிவிப்பை விழாவாக வைத்தார்கள். கண்ணாடி அறைக்கு முன்னால் பந்தல், ஒலிபெருக்கி, தொலைக்காட்சி கேமராக்கள். கூட்டம் சேர்க்க டிப்போ பஸ்களில் ஆட்களை ஏற்றிவந்தார்கள். அதில் ஒரு பஸ்ஸை ஓட்டிவந்தவன் என் மச்சினன். வழியில் நின்றுவிட்டால் பார்க்க மெக்கானிக்கும் கூடவே வந்திருந்தார், கழுத்தில் பட்டையோடு. தங்கள் கல்யாணத்தைத் தடுக்கும் விழாவுக்குத் தாங்களே ஆள் ஏற்றிவந்துவிட்டு, இருவரும் பந்தலின் கடைசியில் நின்றார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

முத்திரை குத்துவதற்கு முன்னால் மாதிரியைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். அமைச்சர் மைக்கை என் மனைவியிடம் நீட்டினார். "அம்மா, இவர் உங்க கணவர்தானே? ஆமான்னு சொல்லிடுங்க."

"இல்ல" என்றாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் விளையாடுகிறாள் என்று நானும் நினைத்தேன்.

"நான் இருபத்தாறு வருஷம் இவரோட இருந்தேன். அதை எடுத்து என் தம்பி வாசலைப் பூட்டுறதுக்குத் திண்டுக்கல் பூட்டு மாதிரி வைக்கறதா இருந்தா, அந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம். அவனுக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம். நான் விலகிக்கறேன்" என்றாள்.

அமைச்சர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் முகம் வெளுத்திருந்தாலும் விதி விதிதானே. "தாய்க்கல் போயிடுச்சுன்னா, புதுசு வர்ற வரைக்கும் ஊர்ல இருக்கிற எந்தக் கல்லும் செல்லாது சார்" என்றார். "ரெண்டாவது பிரிவு காலையிலேயே அமலுக்கு வந்துடுச்சு. இந்த நிமிஷம் நாட்டுல யாருக்கும் கல்யாணம் ஆகல."

அமைச்சரின் கைபேசி அடித்தது. வீட்டில் இருந்து. எல்லாம் நேரலையாயிற்றே. "அப்போ நான் இப்ப உங்க பொண்டாட்டி இல்லையா?" என்று அந்த அம்மா கேட்டது ஒலிபெருக்கியிலேயே விழுந்தது. "இதோ, உடனே சரி பண்ணிடறேன்" என்றார் அமைச்சர். "எதுக்கு அவசரப்படறீங்க, நான் கொஞ்சம் யோசிக்கிறேன்" என்று அந்த அம்மா வைத்துவிட்டார்.

குருமார்களுக்கு வேறு பயம். "நம்ம ஜனங்க எல்லாரும் இந்த நிமிஷம் ஒரே வீட்டுல இருக்காங்களே, கல்யாணம் ஆகாம" என்றார் சின்ன குரு. பெரிய குரு கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். நாடு முழுக்க, நிமிஷத்துக்கு நிமிஷம், அவ்வளவு பாவம். வாசல் எந்தப் பக்கம் இருந்தாலும் இத்தனை பேர் வெளியே நின்றால் உள்ளே அவர் யாருக்குக் குருவாக இருப்பது?

"அந்த வார்த்தைகளை எடுத்துவிடுங்கள்" என்றார்.

"எதை?"

"பேனாவால் சொருகினோமே, அதை. சீக்கிரம்."

எடுத்தார்கள். சொருக எடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. அமைச்சர் மைக்கை மறுபடி நீட்டினார். "இப்போ சொல்லுங்கம்மா, இவர் உங்க கணவர்தானே?"

"முதல்ல அவங்க" என்று என் மனைவி பந்தலின் கடைசியைக் காட்டினாள்.

மச்சினன் யூனிஃபார்மோடு வந்தான். மெக்கானிக்குக் கழுத்தைத் திருப்ப முடியாததால் முழு உடம்பையும் திருப்பி அவனைப் பார்த்தார். சம்மதமா என்று இயக்குநர் இருவரையும் கேட்டார். சம்மதம் என்றார்கள். இவர்களை ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி எங்கே என்று உதவியாளர் கேட்க, நாட்டில் இருப்பதே இந்த ஒரு கல்யாணம்தான், ஆகையால் மாதிரியே இதுதான் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். உதவியாளர் உடனே கையுறையை மாட்டிக்கொண்டு இருவர் தோளையும் தூரிகையால் துடைக்க ஆரம்பித்தார். என் மனைவி அழுதாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

அப்புறம் எல்லோரும் அவர்கள் முன்னால் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. முதலில் அமைச்சர், மூச்சிரைக்க வந்து சேர்ந்த அவர் மனைவியோடு.

"சாப்பிட்டாச்சான்னு இவரு உங்களைக் கேப்பாரா?" என்றான் மச்சினன்.

"தேர்தல் நேரத்துல கேப்பாரு. ஊரையே கேப்பாரு" என்றார் அந்த அம்மா.

மச்சினன் மெக்கானிக்கைப் பார்த்தான். "விட்டுடு, பாவம்" என்றார் அவர். முத்திரை விழுந்தது. எதிர்க்கட்சித் தலைவர் தம் மூன்று மனைவியரில் யாரைக் கூப்பிடுவது என்று ஓரமாக நின்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து நாங்கள். தினம் எங்கள் வீட்டில் சாப்பிடுகிற பையன். ஆனாலும் அவன் முன்னால் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு நின்றேன். எங்களை அந்தக் கேள்வி கேட்கவில்லை அவன். அக்காவைப் பார்த்து, "உனக்குச் சம்மதமா அக்கா?" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கல்யாணத்தில் அவள் அப்பாவைக் கேட்டார்கள், சித்தப்பாவைக் கேட்டார்கள். என் வேலை நிரந்தரம்தானா என்று என் மேலதிகாரியைக்கூடக் கேட்டார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் என் பக்கம் திரும்பி, என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோல் இரண்டு தரம் பார்த்தாள். நாட்டின் கேமராவெல்லாம் அவள் முகத்தில் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை இருந்தது. சொன்னால் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"எனக்குச் சம்மதம்" என்றாள். பிறகு தம்பியிடம், "அவரையும் கேளுடா. அவரையும் யாரும் கேட்டதில்ல" என்றாள்.